வியாதிக்கு ஒரு மரியாதை

எண்பதுகளில் எங்கள் ராமநாதபுரம் பக்கம் வியாதி இரண்டே வகை. கஷாயத்தில் தீர்வது ஒன்று. மதுரைக்குக் கொண்டுபோவது இன்னொன்று. இரண்டாவது வந்துவிட்டால் வீடு கல்யாணக் களை கட்டிவிடும். அத்தைக்கு வயிற்றில் கட்டி என்றதும் வாடகை அம்பாசிடரில் ஏறியவர்கள் எட்டுப் பேர். வலி என்னவோ ஒருவருக்குத்தான். 110 கிலோமீட்டர். பரமக்குடியில் டீ, மானாமதுரையில் வாந்தி, அப்புறம் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி. ராஜாஜி பெயர் வந்த பிறகும் ஊர் வாயில் அது எர்ஸ்கின்தான். அத்தை வார்டில், நாங்கள் வராந்தாவில் பாய் விரித்து. மாமா மட்டும் மீனாட்சியைக் கும்பிட்டுவிட்டு, புதுமண்டபத்தில் சாமானும் வாங்கி வந்தார். ஊர் திரும்பியபின் ஒரு மாதத்துக்கு வீட்டில் ஆரஞ்சுக்கும் ஹார்லிக்ஸுக்கும் தட்டுப்பாடில்லை.

2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகளைப் பிரதமர் காணொலியில் திறந்துவைத்தார். எங்கள் ஊரும் அதில் ஒன்று. கல்லூரி என்றால் துறைக்குத் துறை பேராசிரியர் வேண்டும். பாடம் நடத்தப் படுக்கையில் நோயாளியும் வேண்டும். அங்கீகாரம் போய்விடுமே என்ற பயத்தில் நமக்கும் வைத்தியம் கிடைத்துவிடுகிறது.

அத்தை இந்த முறை டவுன் பஸ்ஸில் போய் அட்மிட் ஆனார். கட்டிலைச் சுற்றி வெள்ளைக் கோட்டு மாணவர்கள். ஆளாளுக்கு வயிற்றை அமுக்கிப் பார்த்து, பழைய தழும்பின் வரலாற்றைக் கேட்டார்கள். அத்தை அலுக்காமல் சொன்னார். குறை வேறு இடத்தில் இருந்தது. பார்க்க ஒருவரும் வரவில்லை. "பக்கத்துலதான, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று இருந்துவிட்டார்கள்.

"மதுரைக்குப் போயிருந்தா வியாதிக்கு ஒரு மரியாதை இருந்திருக்கும்ப்பா."

தேற்றுவதற்காக எய்ம்ஸ் கதையைச் சொன்னேன். மதுரை தோப்பூரில் 2019 ஜனவரி 27 அன்று அடிக்கல் நாட்டினார்கள். கட்டடம் எழும்புவதற்குள் மாணவர்கள் வந்துவிட்டார்கள். மதுரை எய்ம்ஸின் முதல் 50 பேருக்கு 2022இல் வகுப்பு தொடங்கிய இடம், எங்கள் ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி. தலைமுறை தலைமுறையாக நாங்கள் மதுரைக்குப் போனோம். மதுரை எங்களைத் தேடி வந்தது அப்போதுதான், அதுவும் வைத்தியம் படிக்க.

அத்தை எழுந்து உட்கார்ந்து போனை வாங்கினார். "ஆமாடி, மதுரை டாக்டருங்கதான் பாக்குறாங்க" என்று நாலு வீட்டுக்குச் சொன்னார். சாயங்காலமே ஆரஞ்சுப் பைகள் வர ஆரம்பித்தன.