வெற்றிடத்தின் வலிமை: கான்ஃபிக் கோப்பின் பாடபேதங்கள் குறித்து ஓர் ஆய்வு

ஓலைச்சுவடியில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் விடும் வழக்கமில்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இராது. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பட்ட பாட்டில் இதற்கும் பங்குண்டு. நம் காலத்துச் சுவடியான கான்ஃபிக் கோப்பில் நிலைமை தலைகீழ். எவரோ ஓர் இடம் கூடுதலாக விட்டுவிடுகிறார். மொத்த டீமும் நள்ளிரவில் கான்ஃபரன்ஸ் காலில் விழித்திருக்கிறது. இந்தப் பிழை வகையில் யாருமே பொய் சொல்வதில்லை என்பதே எமது துணிபு. சிக்கலும் அதுதான்.

முதற்சான்று ஆரக்கிள் மரபு. டேட்டாபேஸ் எங்கே இருக்கிறது என்று சேவைகளுக்குச் சொல்லும் டிஎன்எஸ்நேம்ஸ் கோப்பில் பெயர், சர்வர், வழக்கமாக 1521 என்ற போர்ட், இவற்றைச் சூழ்ந்து எண்ணி மாளாத அடைப்புக்குறிகள் இருக்கும். பெயர் வரியின் முதல் இடத்திலேயே தொடங்க வேண்டும். முன்னால் ஒரு ஸ்பேஸ் விழுந்தால், மேலே உள்ள பதிவின் தொடர்ச்சி என்றே அது கொள்ளப்படும். உடனே ஓஆர்ஏ-12154 வரும்: அப்படி ஒரு பெயர் தெரியாதாம். "இதோ இருக்கே!" என்று திரையில் விரலை வைத்து வாதாடுவோர் உண்டு. திரை மசிவதில்லை. அதன் வாசிப்பில் அந்தப் பெயர் உண்மையிலேயே இல்லை.

இதை ஓஆர்ஏ-12541-உடன் குழப்புவது பெரும்பிழை. அது சர்வர் வரைக்கும் போய்ச் சேர்ந்து, அங்கே அந்த போர்ட்டில் லிஸனர் இல்லாத நிலை. போனில் சொல்லும்போது இலக்கங்கள் இடம் மாறிவிடுவதால், 12154-க்காக நெட்வொர்க்காரரை எழுப்பிவிடுகிறார்கள். பாவம், ஃபயர்வாலைத் திறந்திருப்பதாக அவர் பாதித் தூக்கத்தில் சொல்வதும் உண்மைதான்.

விண்டோஸ் மரபு இன்னும் சுவையானது. டேட்டாபேஸ் இணைப்பை அமைக்கும் ஓடிபிசி கருவியின் 64 பிட் வடிவம் இருப்பது சிஸ்டம்32 ஃபோல்டரில். 32 பிட் கருவி இருப்பது சிஸ்வாவ்64 ஃபோல்டரில். இரண்டு கருவிக்கும் பெயர் ஒன்றே, அதுவும் 32 என்றுதான் முடியும். இது எமது அச்சுப்பிழை அன்று. 32 பிட் சேவைக்கான டிஎஸ்என் என்னும் இணைப்புப் பெயரை 64 பிட் கருவியில் பக்குவமாக அமைத்து, டெஸ்ட் பட்டனை அமுக்கி, வெற்றிச் செய்தியையும் கண்ட பிறகு சேவையை ஓட்டினால், டிஎஸ்என் இல்லை என்கிறது. இரு தரப்பும் சத்தியவான்கள்.

யாம்ல் கோப்பில் வெற்றிடம் இலக்கணமாகவே உயர்ந்துவிட்டது. அங்கே மேற்கோள் குறி இல்லாமைக்கும் பொருளுண்டு: யாம்ல் 1.1 பதிப்பின்படி, அக்குறியின்றி என்ஓ என எழுதினால் நார்வேயின் நாட்டுக் குறியீடு 'இல்லை' என்றாகும். நார்வே அரசின் கருத்தை யாம் கேட்கவில்லை.

இனி வாய்மொழி மரபு. "நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சு சார்", "நான் எதையுமே தொடல சார்" என்னும் இரண்டும் எல்லா அலுவலகத்திலும் பாடபேதமின்றிக் கிடைக்கின்றன. இவற்றைப் பொய் என்று தள்ளுவது ஆய்வு நெறியன்று. பல சேவைகள் கோப்பைத் தொடங்கும்போது மட்டுமே படிக்கின்றன; அப்புறம் மெமரியில் உள்ளதை வைத்தே காலம் தள்ளுகின்றன. மூன்று மாதம் முன்பு செய்த தப்பு, பேட்ச் போட்டு ரீஸ்டார்ட் செய்த ராத்திரியில்தான் பிறக்கிறது. நேற்று வரை ஓடியது மெய். இன்று யாரும் தொடாததும் மெய். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்று ஓதும் பள்ளியினர், நோயைத் தீர்ப்பதாக எண்ணி அதைப் பிரசவிக்கிறார்கள் என்பதை மட்டும் பணிவுடன் சுட்டுகிறோம்.

உரை மரபும் உண்டு. ஹாஷ் குறிக்குப் பின்னே, "தற்காலிகம், அடுத்த வாரம் எடுக்கணும்" என்று முன்னோர் எழுதியிருப்பர். உரையாசிரியர் வேறு கம்பெனிக்குப் போய் மேனேஜரும் ஆகியிருப்பார்.

ஆய்வுக் கருவி எளிது. லினக்ஸில் கேட் கட்டளைக்குப் பின் ஹைஃபனும் பெரிய ஏ-யும் இட்டால், ஒவ்வொரு வரி முடிவிலும் டாலர் குறி தோன்றும். மெயிலிலிருந்து ஒட்டிய பாஸ்வேர்டுக்கும் டாலருக்கும் நடுவே இம்மியளவு சந்து தெரிந்தால், கள்வன் அகப்பட்டான். டெலீட், சேவ், ரீஸ்டார்ட். கான்ஃபரன்ஸ் காலில் எல்லோரும் ஒரே குரலில் "சூப்பர்" என்பார்கள்.

காலையில் மூலகாரண அறிக்கை கேட்டு மெயில் வரும். கோப்பைக் கடைசியாகத் திருத்தியவர் யார் என்ற கட்டத்தில் 'ரூட்' என்று நிரப்பப்படும். அந்தப் பெயரில்தான் மொத்த டீமும் லாகின் செய்கிறது.