கேஸ் குறைந்திருக்கும்

சென்னையில் கத்திரி வெயில் தொடங்கி, மொட்டை மாடித் தளம் பகலெல்லாம் குடித்த உஷ்ணத்தை இரவு முழுவதும் கீழே இருக்கும் படுக்கையறைக்குள் கக்கிக்கொண்டிருக்கும் மே மாதத்தில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒவ்வொன்றிலும் ஒரு மகானுபாவர் பிரகாசிக்கத் தொடங்குகிறார். வருஷத்தின் மற்ற மாதங்களில் அவர் யார் கவனத்துக்கும் வராமல், தண்ணீர் லாரி வந்ததா, சங்கத்துச் சந்தாவில் யார் யார் பாக்கி என்ற சில்லறை விசாரங்களில் பொழுதைப் போக்குபவர்தாம். ஆனால், இன்னார் வீட்டில் ஏஸி ஓடுகிறது, சத்தமும் போடுகிறது, அறை மட்டும் குளிரவில்லை என்ற சமாசாரம் மாடிப்படி வழியாக இறங்கி வந்து அவர் செவியை எட்டிவிட்டால், அதுவரை ஈஸிசேரில் சாய்ந்து கிடந்த தேகத்தில் ஒரு சுறுசுறுப்பும், முகத்தில் பிறர் கஷ்டத்தைத் தீர்க்கப் பிறந்தவர்களுக்கே உரிய ஒரு தேஜஸும் உண்டாவதைக் காணலாம்.

அவரை யாரும் அழைப்பதில்லை. அழைக்கலாமா என்று வீட்டுக்காரர் யோசிப்பதற்குள் அவர் வாசலில் நிற்பார். பத்திரப் பதிவு இலாகாவில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பிறர் எழுதிக்கொண்டு வந்த கிரயப் பத்திரங்களில் எழுதியவனுக்கே தெரியாத ஒரு வில்லங்கத்தைக் கண்டுபிடித்துத் திருப்பியனுப்பிய அந்தப் பழைய அப்பியாசம் யந்திர சாஸ்திரத்திலும் அப்படியே செல்லுபடியாகும் என்பது அவருடைய திடமான நம்பிக்கை. தோளில் துண்டு உண்டு. கையில் ஒன்றும் கிடையாது. ஸ்குரூ டிரைவர், டெஸ்டர் முதலிய ஆயுதங்கள் ஞானம் போதாதவர்களுக்கு ஏற்பட்டவை என்று கருதுபவர்போல் வெறுங்கையுடன் உள்ளே வந்து, செருப்பைக் கழற்றும்போதே, "எத்தனை டன்?" என்று கேட்பார்.

இந்தக் கேள்விக்கு நீங்கள் எந்த விடை சொன்னாலும் அவருக்குச் சம்மதமாயிராது. ஒன்றரை டன் என்றால், "இந்த அறைக்கு ஒன்று போதுமே, கடைக்காரன் உங்கள் தலையில் கட்டிவிட்டான்" என்பார், ஒன்று என்றாலோ, "மேல்தளத்துக்கு ஒன்றரை இல்லாமல் எப்படி?" என்பார். டன் என்பது எடைதான் என்று அவரும் நம்பி, நம்மையும் நம்பவைப்பார். சுவரில் ஒன்றரை டன் பாரம் தொங்குகிறது என்று இவர் வாயால் கேட்ட ஒரு மாமியார், அன்றிரவே தம் கட்டிலை ஏஸிக்கு எதிர்ச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்ட வீடு எனக்குத் தெரியும். அமெரிக்கக் கணக்கில் ஒரு டன், அதாவது 2,000 பவுண்டு பனிக்கட்டி, ஒரு நாளில் உருகுவதற்கு எவ்வளவு உஷ்ணத்தை இழுத்துக்கொள்ளுமோ, அவ்வளவு உஷ்ணத்தை ஒரு நாளில் அறையிலிருந்து எடுத்து வெளியே தள்ளக்கூடிய யந்திரமே ஒரு டன் யந்திரம். மணிக்கு 12,000 பி.டி.யு. என்று கம்பெனிக்காரர்கள் எழுதுவதும் அதே கணக்குத்தான். பனிக்கட்டியை வைத்துக் குளிர்ச்சியை அளப்பது சென்னைவாசிக்கு விநோதமாகத் தோன்றவேண்டியதில்லை. பிரெடரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரி, தம் தேசத்து ஏரிகளில் அறுத்துக் கப்பலேற்றி அனுப்பிய பனிக்கட்டியைப் பத்திரப்படுத்த 1842-ஆம் வருஷத்தில் எழுப்பிய ஐஸ் ஹவுஸ், இன்று விவேகானந்தர் இல்லமாக நம் கடற்கரைச் சாலையிலேயே நிற்கிறது. நம்முடைய ஆலோசகர் சாயங்கால உலாவலில் அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் நாள்தோறும் போகிறார். அது அவரை ஒன்றும் செய்யவில்லை.

டன் விசாரணை முடிந்தவுடன் அவர் கை ரிமோட்டுக்குப் போகும். போய், அதில் என்ன எண் இருந்தாலும் அதைப் பதினாறுக்கு இறக்கிவிட்டுத்தான் மறுகாரியம். நட்சத்திர முத்திரை பெற்ற ஏஸிகள் 24 டிகிரியில்தான் தொடங்கவேண்டும் என்று மத்திய சர்க்கார் 2020 ஜனவரியிலிருந்து விதித்திருக்கிறதே என்று யாராவது நினைவூட்டினால், "அது டில்லிக்காரன் குளிருக்குப் போட்டது" என்று தள்ளிவிடுவார். முப்பத்துநான்கு டிகிரியில் வெந்துகொண்டிருக்கும் அறை இருபத்துநான்கை எட்டுகிறவரையில் யந்திரம் பெரும்பாலும் தன் முழு பலத்தையும் போட்டுத்தான் உழைத்துக்கொண்டிருக்கிறது என்பதையும், பதினாறு என்று எழுதிக் காட்டுவதால் அதற்குப் புதிதாக எந்தப் பலமும் வந்து சேர்ந்துவிடாது என்பதையும் அவருக்கு எடுத்துச் சொல்ல முயன்றவர்கள் உண்டு. அவர்கள் இப்போது முயல்வதில்லை.

பிறகுதான் பிரதானமான கட்டம். வீட்டுக்காரர், வீட்டுக்கார அம்மாள், பள்ளிக்கூட விடுமுறையில் இருக்கும் பிள்ளைகள் அனைவரும் சூழ்ந்து நிற்க, அவர் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு ஏறி, யந்திரத்தின் காற்று வரும் வாயினடியில் வலது உள்ளங்கையை நீட்டிக் கண்களை மூடிக்கொள்வார். அறைக் காற்று உள்ளே போகும் இடத்திலும் குளிர்ந்து வெளியே வரும் இடத்திலும் ஒரு சாதாரண வெப்பமானியை வைத்துப் பார்த்து, இரண்டுக்கும் எட்டிலிருந்து பன்னிரண்டு டிகிரி வரை வித்தியாசம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் சந்தேகத்தில் பாதி தீரும். ஆனால், உள்ளங்கை இருக்கையில் வெப்பமானி எதற்கு? கண் திறக்கும். நாற்காலியிலிருந்து இறங்குவார். துண்டால் கையைத் துடைத்துக்கொள்வார். தீர்ப்பு வெளிவரும்:

"கேஸ் குறைந்திருக்கும்."

அவர் இதுவரை தீர்ப்பளித்த எந்த ஏஸியிலும் கேஸைத் தவிர வேறொன்று பழுதானதில்லை. பால்கனியில் இருக்கும் அவுட்டோர் பெட்டியின்மேல் ஈரப் போர்வையை உலர்த்தி அது மூச்சுவிட வழியில்லாமல் செய்திருந்த வீட்டிலும் கேஸ்தான். புறா கூடு கட்டிக் காயிலின் பின்புறத்தை வைக்கோலும் எச்சமுமாக அடைத்திருந்த வீட்டிலும் கேஸ்தான். மேற்கு ஜன்னலுக்குத் திரையில்லாமல் மாலை நான்கு மணி வெயில் நேரே கட்டிலில் வந்து படுத்துக்கொண்டிருந்த வீட்டிலும், பேரப் பிள்ளை ரிமோட்டை வைத்து விளையாடி வெறும் விசிறி நிலையில் விட்டுவிட்டுப் போன வீட்டிலும் அதுவேதான். கெப்பாசிட்டர் என்ற சிறிய டப்பா சக்தியிழந்து, அவுட்டோரில் விசிறி மட்டும் சுற்ற, கம்ப்ரஸர் உறுமிப் பார்த்துவிட்டு அடங்கிவிடும் வீட்டில், அந்த உறுமலைக் காது கொடுத்துக் கேட்டு, "பார்த்தீர்களா, கேஸுக்காக ஏங்குகிறது" என்று அவர் இரக்கப்பட்டதை நானே கேட்டிருக்கிறேன்.

ஏஸிக்குள் இருக்கும் கேஸ் உபயோகத்தால் செலவாகிற வஸ்து அல்ல. செப்புக் குழாய்க்குள் அடைபட்டு, உள்ளே ஆவியாகும்போது அறையின் உஷ்ணத்தை வாங்கிக்கொண்டு, வெளியே அமுக்கப்பட்டுத் திரவமாகும்போது அந்த உஷ்ணத்தைத் தெருவுக்குக் கொடுத்துவிட்டு, மறுபடி உள்ளே வந்து, இப்படியே பிரதட்சிணம் செய்துகொண்டிருக்கிறது. எங்கும் துளை விழாதவரையில், வாங்கிய தினத்தில் இருந்த கேஸேதான் அந்த யந்திரம் பழைய இரும்புக் கடைக்குப் போகும் தினத்திலும் இருக்கும். மெய்யாகவே குறைந்திருக்குமானால், கசிவு எங்கே என்று நைட்ரஜனை அழுத்தி ஏற்றி, சோப்பு நுரை தடவிக் கொப்புளம் வரும் இடத்தைப் பார்த்து, அதைப் பற்றவைத்து, குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் வேக்குவம் பம்பினால் இழுத்துவிட்டு, பெட்டியில் ஒட்டிய தகட்டில் குறித்திருக்கும் அளவைத் தராசில் நிறுத்து ஏற்றுவதுதான் முறை. இதையெல்லாம் ஒரு சாயங்காலம் சாவகாசமாக அவருக்கு விளக்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் புஸ்தகத்தில், ஸார். நம்ம ஊர் வெயிலுக்குக் கேஸ் இளகிப் போயிடும்" என்றார்.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். திருவான்மியூரில் இருக்கும் அவருடைய மருமகள் வீட்டில் ஒரு சமயம் இதே தீர்ப்பைச் சொன்னார். பிரித்துப் பார்த்தால், கடலின் உப்புக் காற்று காயிலை அரித்து ஊசித் துளை விழுந்து, கேஸ் நிஜமாகவே வெளியேறியிருந்தது. கடலோரப் பேட்டைகளில் இது சகஜம். அந்த ஒரு ஜெயத்தின் வட்டியில்தான் அவர் இன்றுவரை ஜீவிக்கிறார். துளையை அடைக்காமல் கேஸை மட்டும் ஏற்றியதால் அடுத்த கோடையில் அதே அறை அதே மாதிரி புழுங்கிற்று என்பது கதையின் பிற்பகுதி. அதை அவர் சொல்லுவதில்லை. மருமகளும் சொல்லுவதில்லை, மாமனார் என்ற மரியாதையால்.

இவ்வளவு தவறிய பிறகும் ஜனங்கள் ஏன் அவரை வாசற்படி ஏற்றுகிறார்கள் என்று நான் வெகு நாள் யோசித்ததுண்டு. குழந்தைக்கு ஜுரம் வந்தால், வெயிலில் விளையாட விட்டது யார், கண்டதை வாங்கிக் கொடுத்தது யார் என்ற விசாரணை எழுவதற்கு முன், பாட்டி ஒருத்தி குறுக்கிட்டு, "கண்ணேறுதான், வேறொன்றுமில்லை" என்று சொல்லிவிட்டால், தாய் தகப்பன் இருவரும் ஏககாலத்தில் நிரபராதிகளாகிவிடுகிறார்கள் அல்லவா? கேஸும் அந்த ஜாதிதான். அதைக் கண்ணால் பார்க்க முடியாது. அது போனதற்கு யாரும் உத்தரவாதியில்லை. போன தீபாவளிக்கு அப்புறம் ஃபில்டரைக் கழற்றாத கணவனும், சமையலறைக் கதவைத் திறந்தே போட்டுவிட்டு ஏஸி போடும் மனைவியும், இந்தத் தீர்ப்பைக் கேட்டவுடன் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். அவர்கள் வீட்டில் இன்னமும் புழுக்கம்தான். ஆனால் சண்டை இல்லை. அந்தப் பரோபகாரத்துக்கு ஒரு டம்ளர் காபி அதிகமா?

இதற்கு நேர்விரோதமான பிராணி மெக்கானிக் பையன். சீசனில் அவன் கிடைப்பதே துர்லபம். "காலைல வந்துடறேன் ஸார்" என்று அவன் சொன்ன காலை எந்த வாரத்துக் காலை என்று பஞ்சாங்கத்தில் பார்த்தாலும் தெரியாது. சென்ற கோடையில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்கு அப்படி ஒருவன் வந்து சேர்ந்தான். யந்திரத்தின் முன்பலகையைத் தூக்கிப் பார்த்தபோது, உள்ளே காயில் முழுவதும் வெள்ளையாக ஐஸ் படர்ந்திருந்தது. வாசலில் நின்ற நம்மவர், "இவ்வளவு ஐஸ் கட்டியிருக்கிறது, அறை குளிரவில்லை என்றால் என்ன அர்த்தம்? கேஸ் குறைந்திருக்கும்" என்றார். கேஸ் குறைந்தாலும் அப்படி ஐஸ் கட்டுவதுண்டு என்பதால், அந்த ஒரு கணம் அவர் மெய்க்கு வெகு சமீபத்தில் போய்விட்டார் என்றே சொல்லவேண்டும். பையன் பதில் பேசாமல் ஃபில்டரை உருவினான். கம்பளிபோல் படிந்த தூசி அதன் சன்னக் கண்களையெல்லாம் மூடியிருந்தது. காற்று நுழைய வழியில்லாமல்தான் காயிலில் ஈரம் உறைந்து போயிருக்கிறது.

"அம்மா, இதைக் கழுவி எவ்ளோ நாளாச்சு?" என்றான்.

கூடத்தில் நிசப்தம். அம்மாள் ஐயாவைப் பார்த்தாள். ஐயா ஜன்னலைப் பார்த்தார். அவ்வளவு கேவலமான ஒரு கேள்வியை அந்த வீட்டில் அதற்குமுன் யாரும் கேட்டதில்லை. ஏஸியை நிறுத்தி, ஐஸ் உருகட்டும் என்று விசிறியை மட்டும் ஓடவிட்டு, ஃபில்டரைக் குழாயடியில் பிடித்துக் கழுவி மாட்டி, அரைமணியில் அறையைக் குளிரவைத்துவிட்டு அவன் கூலி கேட்டபோது, "தண்ணியில கழுவினதுக்கா இவ்வளவு?" என்று அவனோடு பேரம் பேசினார்கள். நம்முடைய ஆலோசகரோ சற்றும் கலங்கவில்லை. குளிர்காற்றில் கையை நீட்டிப் பார்த்து, "தூசி அடைத்துக்கொண்டு கேஸ் வரமுடியாமல் இருந்திருக்கிறது. அதைத்தான் நான் சொன்னேன்" என்று கூறி, வந்த காபியைப் பெற்றுக்கொண்டார்.

அந்தப் பையன் அனுபவமில்லாதவன். தொழிலில் ஊறியவன் என்ன செய்வான் தெரியுமோ? வீட்டுக்காரர் கதவைத் திறந்ததும், "கேஸ் போயிட்டுதுப்பா, பெரியவர் பார்த்துச் சொல்லிட்டார்" என்று தாமாகவே சொல்லும்போது, அதை மறுத்துப் பேசி ஒரு முதியவரை அவமதிப்பானேன் என்ற நல்லெண்ணத்தால், சிலிண்டரைக் கொண்டுவந்து குழாயில் மாட்டிச் சற்று நேரம் புஸ்ஸென்று சப்தம் எழுப்பி, போகிற போக்கில் ஃபில்டரையும் கழுவி மாட்டிவிட்டு, கேஸ் டாப்-அப் என்று பெரிய தொகைக்குப் பில் எழுதுவான். அறை குளிரும். எல்லோருக்கும் சந்தோஷம். பெரியவரைப் படியிறங்கும்போது கும்பிட்டுவிட்டுக்கூடப் போவான்.

இத்தனை யந்திரங்களுக்கு வாக்குச் சொன்னவர் வீட்டில் ஏஸி கிடையாது. "எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்பார். கூடத்தில் ஒரு பழைய சீலிங் ஃபேன், இறக்கைகளை எண்ணிக்கொள்ளும்படியான நிதானத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் தலையில் இருக்கும் கெப்பாசிட்டரை மாற்றினால் பழைய வேகம் வந்துவிடும். தெருமுனை எலக்ட்ரிகல் கடையில் சொற்பக் காசுக்குக் கிடைக்கும். இவரோ, "வோல்டேஜ் கம்மி" என்று மின்சார வாரியத்துக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறார். அவருடைய மனைவி இதைப்பற்றி அவரோடு வாதம் செய்வதில்லை. பிற்பகல் மூன்று மணிக்குப் புழுக்கம் உச்சத்துக்கு வந்து, அவர் விசிறிமட்டையும் கையுமாக அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடந்து வோல்டேஜைப்பற்றி உரத்துச் சிந்திக்கத் தொடங்கும்போது மட்டும், கையிலுள்ள கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லுவாள்:

"ஏங்க, நாலாம் மாடியில அவங்க ஏஸி சரியா குளிரலையாம். போய்ப் பார்த்துட்டு, ஆறு மணிக்கு மேல வாங்களேன்."

துண்டு தோளுக்கு ஏறிவிடும்.