புள்ளியா, ஆச்சரியக்குறியா?

எல்லா அலுவலகத்திலும் ஒரு நெட்வொர்க்காரர் உண்டு. ஸ்விட்சுக்கு ஃபர்ம்வேர் ஏற்றுவதென்றால் அவருக்கு முகூர்த்தம் சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணிதான். மேனேஜரிடம் "அஞ்சு நிமிஷ வேலை சார்" என்றிருப்பார். வீட்டில் மட்டும் "விடிஞ்சுதான் வருவேன்" என்று உண்மையைச் சொல்லியிருப்பார்.

பையில் நீல நிறக் கன்சோல் கேபிள், யுஎஸ்பி கன்வர்ட்டர், சித்திரை வெயிலிலும் ஒரு ஸ்வெட்டர். சர்வர் ரூம் ஏசி அப்படி.

மனிதர் யாரையும் நம்ப மாட்டார். எம்.டி.யே வைஃபை பாஸ்வேர்டு கேட்டாலும் "டிக்கெட் போடுங்க சார்" என்பார். அப்பேர்ப்பட்டவர் ஃபர்ம்வேர் ஏற்ற நம்பியிருப்பதோ, 1981-இல் ஆர்எஃப்சி 783 ஆக வெளியான, லேப்டாப்பிலிருந்து ஸ்விட்சுக்கு ஃபைல் அனுப்பும் டிஎஃப்டிபி நெறிமுறையை. அது பெயரும் கேட்காது, பாஸ்வேர்டும் கேட்காது. ஃபைல் பட்டியலும் காட்டாது. நீளமான ஃபைல் பெயரை எழுத்துப் பிசகாமல் அடிக்க வேண்டும். 512 பைட் அனுப்பும். 'வந்து சேர்ந்தது' என்று பதில் வந்தால்தான் அடுத்த 512. பந்தியில் இலை காலியானதைப் பார்த்துவிட்டு அடுத்த கரண்டி போடுகிற பரிமாறுபவர் மாதிரி.

சிஸ்கோ ஸ்விட்சாக இருந்தால் பத்து பாக்கெட்டுக்கு ஓர் ஆச்சரியக்குறி திரையில் விழும். 30 எம்பி ஃபைலுக்கு 6,000-க்கு மேல். இத்தனை ஆச்சரியக்குறியை எந்தப் பத்திரிகை ஆசிரியரும் அனுமதிக்க மாட்டார். நம்மவரோ ஒவ்வொன்றாக ரசிப்பார். புள்ளி விழுந்தால் டைம்அவுட். முகம் சுருங்கிவிடும்.

புள்ளி மேல் புள்ளி விழுந்தால் முதலில் கேபிளை மாற்றுவார். பிறகு போர்ட்டை. லேப்டாப்பிலிருந்து பிங் போகிறது, ஸ்விட்ச் கேட்டால் ஃபைல் வரவில்லை! ஒரு மணி நேரம் கழித்துத்தான், டிஎஃப்டிபியின் வாசலான யுடிபி 69-ஐ அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது சொந்த லேப்டாப்பின் விண்டோஸ் ஃபயர்வால் என்று தெரியும். 32 எம்பி தாண்டியதும் நின்றுபோனால் அது வேறு கதை: பிளாக் எண் 65,535-ஓடு முடிந்துவிடும், பழைய சர்வர்களுக்கு அதற்கு மேல் எண்ணத் தெரியாது.

அனுபவசாலி, ரீலோடு கொடுக்குமுன் ஃபைல் பிசகாமல் வந்ததா என்று எம்டி5 சரிபார்ப்பார். இளசு அதைத் தாண்டிப் போகும். ஃபைல் கெட்டிருந்து, பழையதையும் அழித்திருந்தால் ஸ்விட்ச் எழும்ப முடியாமல் ராம்மான் என்ற அவசரநிலைத் திரையில் போய் நிற்கும். அங்கே 9600 வேகத்தில் எக்ஸ்மோடம் வழியாக அதே 30 எம்பியை ஏற்ற 9 மணி நேரத்துக்கும் மேலாகும். ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணி போச்சு.

எனவே சனிக்கிழமை ராத்திரி நெட் போனால் அவரிடம் "எப்ப வரும்?" என்று கேட்காதீர்கள். "ஃபயர்வாலை ஆஃப் பண்ணிட்டீங்களா?" என்று கேளுங்கள்.