இருபது பிள்ளைகளின் அப்பா

கேள்வி: மேதை என்றாலே வீட்டைக் கவனிக்காதவர்தானா? பொறுப்பான குடும்பஸ்தராக வாழ்ந்த மேதை யாராவது உண்டா?

பதில்: உண்டு. ஜெர்மானிய இசைமேதை யோஹான் செபாஸ்தியன் பாக் (1685-1750). முதல் மனைவி இறந்தபின் மறுமணம். இரண்டு தாரத்துக்குமாகப் பிள்ளைகள் 20. ஆளாகி நின்றது பாதிப் பேர்தான்.

1723-ல் லைப்சிக் நகரில் வேலை. பையன்களுக்குப் பாட்டுச் சொல்லித்தர வேண்டும். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் இசை நடத்த வேண்டும். ஆரம்ப வருஷங்களில் அநேகமாக வாரம் ஒரு புதுப் படைப்பு. 'மூடு வரவில்லை' என்று சொல்ல அவருக்கு நேரமே இருந்திருக்காது! மூத்த மகன் பழக ஒரு நோட்டு, மனைவிக்கு ஒரு நோட்டு என்று வீட்டுக்காரர்களுக்கும் இசை எழுதினார்.

சவ அடக்கத்தில் பாடினால் தனி வரும்படி. 1730-ல் பழைய நண்பருக்கு எழுதிய கடிதத்தில், ஊரில் நல்ல காற்று வீசுவதால் சாவு குறைந்து வருமானம் அடிபடுகிறது என்று புலம்பியிருக்கிறார். குடும்பக் கவலை யாரைத்தான் விட்டது?

மகன்களில் நால்வர் பேர்பெற்ற இசைக்காரர்கள். 1754-ல் வெளிவந்த பாக்கின் இரங்கல் குறிப்பை எழுதியவர்களில் ஒருவர் அவருடைய மகன்.

'கலைக்குக் குடும்பம் இடைஞ்சல்' என்று யாராவது அலுத்துக்கொண்டால், "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று கேளுங்கள்.