கூடு பொறுக்கும் கனவான்

அமெரிக்கத் துப்பாக்கி சுடும் மைதானங்களில் எல்லோரும் தூரத்து இலக்கையே பார்த்துக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் தரையைப் பார்த்தபடி நடப்பார். பக்கத்து ஆள் சுட்டு முடித்ததும், "இந்தக் கூடெல்லாம் உங்களுக்கு வேண்டுமா?" என்று மெல்ல விசாரிப்பார். தோட்டாவைக் கடையில் வாங்காமல் வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளும் இனம் அது. சுட்டபின் குண்டும் மருந்தும் போய்விட, செம்பு 70 பங்கும் துத்தநாகம் 30 பங்கும் கலந்த பித்தளைக் கூடு மிஞ்சும். மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரும் மருந்தும் குண்டும் புதிதாக வைத்தால் அதே கூடு பலமுறை உழைக்கும். சிக்கனத்துக்காகவே இதில் இறங்கியதாக வீட்டில் சொல்லியிருப்பார். தராசு, மைக்ரோமீட்டர், கூட்டின் கழுத்தைச் சீவும் கருவி என்று வாங்கியவற்றின் விலையை யாரும் கூட்டிப் பார்க்காதவரை அது உண்மையே.

பொறுக்கியவற்றை முதலில் அடிப்பாகத்து முத்திரை பார்த்துப் பிரிப்பார். மிசௌரியின் லேக் சிட்டி ராணுவ ஆலைக்கு ஒரு டப்பா, வின்செஸ்டருக்கு ஒன்று, ஃபின்லாந்திலிருந்து வரும் லப்புவாவுக்கு மூடி போட்ட ஒன்று. இதைக் கிறுக்கு என்று தள்ளிவிட முடியாது. 1952இல் வந்த 308 வின்செஸ்டர் தோட்டாவையே எடுத்துக்கொண்டால், ஒரே துப்பாக்கியில் வெடித்த கூடுகள் வெளியே ஏறத்தாழ ஒரே அளவாக விரிகின்றன. ஆகவே கனமான கூட்டின் சுவர் தடிப்பாகவும், உள்ளிடம் குறைவாகவும் இருக்கும். ராணுவக் கூடுகள் பெரும்பாலும் அப்படித்தான். அதே அளவு மருந்து போட்டாலும் அழுத்தம் ஏறும், குண்டின் வேகம் மாறும், தூரத்து இலக்கில் ஓட்டை மேலும் கீழுமாக விழும்.

பிறகு எத்தனை முறை சுட்டது என்ற கணக்கு. அடுத்து, நுனி வளைத்த கம்பியைக் கூட்டுக்குள் விட்டு, அடிப்பக்கச் சுவரில் பள்ளம் தட்டுகிறதா என்று தடவுவார். தட்டினால் கூடு அங்கே அறுந்துபோகும்; உடனே நசுக்கிக் குப்பையில் போடுவார். அவர் எதையாவது தூக்கிப்போடும் ஒரே கட்டம் இதுதான்.

எடை போடும் இரவில்தான் ஆளின் முழுத் தோற்றமும் தெரியும். அளவை கிரெய்னில்; ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். மின்விசிறி நிற்கும், நாய் வெளியேற்றப்படும், யாராவது தும்மினால் மறுபடி முதலிலிருந்து. அரை கிரெய்ன் கூடினால் ஒரு கிண்ணம், குறைந்தால் இன்னொன்று. சாப்பாட்டு மேசையில் சாப்பாட்டுக்கு இடம் இருக்காது.

ஆனால் அடி விளிம்பின் வெட்டு சற்று ஆழமானாலும் எடை குறையும், உள்ளிடம் மாறாது. எனவே, நீர் ஊற்றி அளப்பதே முறை என்று ஒரு கட்சி உண்டு. பழைய பிரைமரை எடுக்காமல், கூட்டில் விளிம்புவரை நீர் நிரப்பி நிறுப்பார்கள். பித்தளை நீரைவிட சுமார் 8.5 மடங்கு அடர்த்தி என்பதால், கூட்டின் எடையில் எட்டரை கிரெய்ன் வேறுபாடு இருந்தால்தான் கொள்ளளவில் ஒரு கிரெய்ன் நீர் மாறும். அரை கிரெய்னுக்காக நாயை விரட்டியவரிடம் இதைச் சொன்னால் பேச்சு நின்றுவிடும். எடைக் கட்சியும் நீர்க் கட்சியும் சேர்ந்துவிட்டால் வடகலைக்கும் தென்கலைக்கும் பொது நாமம் கிடைத்த மாதிரிதான்.

கழுத்துச் சுவர் ஒரு பக்கம் தடித்திருந்தால் குண்டு சாய்ந்து உட்காரும் என்று ஆயிரத்தில் ஒரு அங்குலக் கணக்கில் அளந்து சீவுவார். பிரைமரின் தீ புகும் துளையில் பிசிறு எடுப்பார். கழுத்து இறுகிவிடாமல் சூடுகாட்டிப் பதப்படுத்துவார். இவற்றால் பலன் உண்டா என்றால், கல்மேசையில் துப்பாக்கியைச் சாய்த்துச் சுடும் போட்டிக்காரருக்கு உண்டு. தோளில் வைத்து மான் வேட்டையாடுபவருக்கு, காற்றும் விரல் நடுக்கமும் செய்யும் கோளாறில் கிரெய்ன் கணக்கு எங்கோ மறைந்துபோகும்.

கடைசியில் ஒரே எடை, ஒரே கழுத்து, ஒரே முத்திரையுடன் இருபது கூடுகள் தேறும். அவற்றைச் சுட மனம் வராது. போட்டிக்கென்று பெட்டியில் உறங்கும். பயிற்சிக்கு இரண்டாந்தரம் போதும் என்று கழித்த கூடுகளை எடுத்துப் போவார். ஒருநாள் அவையே நூறு கஜத்தில் ஐந்து குண்டையும் ஒரே ஓட்டையில் போட்டுவிடும். வீடு திரும்பியதும் புதிய தராசுக்கு ஆர்டர் கொடுப்பார்.