தொண்ணூற்றாறு மணி நேர மீன்

அனுப்புநர்: எண்ணூர் மடவை மீனை விரும்பித் தின்னும் ஒருவன், வடசென்னை.
பெறுநர்: கழிவுநீர்த் தர அளவுகளை வகுத்தருளிய அதிகாரிகள், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், புதுதில்லி.
பொருள்: மீனுக்குத் தாங்கள் வைக்கும் பரீட்சை – பாராட்டு தெரிவித்தல் தொடர்பாக.
பார்வை: சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகள் 1986, அட்டவணை 6.

ஐயா,

பார்வையில் கண்ட விதியைப் படித்து மெய்சிலிர்த்தேன். ஆலைக் கழிவுநீரில், ஒரு சொட்டு நல்ல தண்ணீர் கூடக் கலக்காமல், மீன்களை விட வேண்டும். 96 மணி நேரம் கழித்து நூற்றுக்கு 90 மீன் உயிரோடிருந்தால் கழிவுநீர் பாஸ். இவ்வளவு தாராளமான தேர்வு வாரியம் நாட்டில் வேறில்லை.

அதே அட்டவணை லிட்டருக்கு 2 மில்லிகிராம் காட்மியம் வரை வெளியேற்றலாம் என்கிறது. குடிநீருக்கான வரம்பு 0.003. அறுநூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். மீன் குடிநீர் கேட்டு மனுப்போடவில்லை என்பதால் இருக்கலாம்.

மீனுக்குள் ஒரு செயலகம் நடக்கிறது, ஐயா. மூளை கோப்பைத் தொடங்கிப் பிட்யூட்டரிக்கு அனுப்பும். பிட்யூட்டரி குறிப்பெழுதிச் சூலகத்துக்கு அனுப்பும். சூலகம் எஸ்ட்ராடையால் என்ற ஹார்மோனைச் சுரந்து ஈரலுக்கு உத்தரவு போடும். ஈரல் வைட்டெலோஜெனின் என்ற புரதத்தைத் தயாரித்து ரத்தத்தில் அனுப்ப, அதுதான் முட்டைக்குள் மஞ்சள் கருவாகச் சேரும். இந்தக் கோப்பு நகர்ந்து முடிய மாதக்கணக்கில் ஆகும். (தங்கள் அலுவலகத்தை ஒப்பிட்டால் மின்னல் வேகம்தான்.)

காட்மியம் கால்சியம் வேஷம் போட்டுச் செவுள் வழியே உள்ளே நுழைகிறது. ஈரலில் எஸ்ட்ராடையால் உட்கார வேண்டிய நாற்காலியில் கைவைக்கிறது. டிரவுட் மீன்களில் இப்படித்தான் வைட்டெலோஜெனின் உற்பத்தி குறைந்ததைக் கண்டார்கள். பாதரசம் இன்னும் கெட்டிக்காரன். ஃபேட்ஹெட் மின்னோ என்ற வட அமெரிக்கச் சிறுமீனுக்கு மெத்தில் பாதரசம் கலந்த இரையைக் கொடுத்தபோது ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைந்தது, பெண்ணுக்கு எஸ்ட்ராடையால் குறைந்தது, முட்டையிடுவதும் குறைந்தது. இப்படிப்பட்ட மீன் சாகாது. நீந்தும், இரை தின்னும், தங்கள் தொட்டியில் நாலு நாளை ஜம்மென்று கழித்து முதல் வகுப்பில் தேறும். அதற்குப் பிள்ளை பிறப்பது குறையும், அவ்வளவுதான். சிவப்பு முக்கோணம் இல்லாமல், விளம்பரச் செலவில்லாமல் இத்தனை கச்சிதமாகக் குடும்பநலத் திட்டம் நடத்திய துறை வேறேது?

எங்கள் மடவைக்கு வருகிறேன். அது சேற்றை மேய்கிற மீன். முகத்துவாரத்தில் வளர்ந்து, முட்டையிட மட்டும் கடலுக்குப் போகும். எங்கள் எண்ணூர்ப் பக்கத்துக் கொசஸ்தலையாற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் குழாய்கள் உடைந்து குழம்பு கலந்தது எத்தனையோ முறை செய்தியாகிவிட்டது. அந்தச் சாம்பலில் ஈயம், ஆர்சனிக், குரோமியம், காட்மியம், பாதரசம் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் உண்டு. இவை தண்ணீரில் மிதந்து ஆய்வாளருக்காகக் காத்திருப்பதில்லை, அடியில் போய்ச் சேற்றோடு படிந்துவிடுகின்றன. தங்கள் பரீட்சையோ தண்ணீருக்கு மட்டும். சேறு பாடத்திட்டத்திலேயே இல்லை.

சந்தையில் நான் மீன் வாங்கும் அக்கா, மடவையைக் கையிலெடுத்ததும் கட்டைவிரலால் அடிவயிற்றை ஓர் அமுக்கு அமுக்குவார். “சினை இருக்குப்பா, எடுத்துக்கோ” என்பார். இல்லையென்றால் பேசாமல் தட்டில் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பார். மீன் உயிரோடிருந்ததா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. சினை வறுவல் பிரியனான எனக்கும் அந்த விவரம் தேவைப்பட்டதில்லை.

எனவே ஒரு சிறு விண்ணப்பம். அந்தத் தொட்டியில் கொஞ்சம் சேற்றையும் போட்டு, ஆணையும் பெண்ணையும் சேர்த்து விடுங்கள். நாலு நாளில் எடுத்துவிடாமல் சினை பிடிக்கும் பருவம்வரை வைத்திருங்கள். பிறகு ரத்தம் எடுத்து ஹார்மோன் அளவைப் பாருங்கள். நிதி ஒதுக்கீடு இல்லையென்றால் எங்கள் அக்காவை அனுப்பிவைக்கிறோம். போக வர ரயில் செலவும், அன்றைய வியாபாரம் கெட்டதற்குப் பேட்டாவும் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மடவைப் பிரியன்