சவுனா வாங்குன மாப்ளைக்கு மாமன் சொல்லுதது

மாப்ளே, நீ வாட்ஸப்பில அனுப்புன படத்தைக் கண்ணாடியத் தொடைச்சுப் போட்டுக்கிட்டு ரெண்டு தரம் பாத்தேன். மொதல்ல, கல்யாண வீட்டுல கழுவாமச் சாய்ச்சுப் போட்ட அண்டான்னு நெனச்சேன். எங்க அக்கா, அதான் உங்க ஆத்தா, எட்டிப் பாத்துட்டு, "அது நம்ம பய தோட்டத்துல கெடக்கே, அந்தச் சவுனாடா, ஆவிக் குளியல் போடுற ரூமு"ன்னா. உங்கப்பன் ஒரு சோடி காளை பிடிக்க நாலு சந்தை நடந்தாரு. பல்லப் பிடிச்சுப் பாத்தாரு, சுழி பாத்தாரு, வால முறுக்கிப் பாத்தாரு. நீ ராத்திரி கட்டில்ல படுத்துக்கிட்டே விரலால தடவி இம்மாம் பெரிய மரப் பீப்பாயை வாங்கிட்டே. கெட்டிக்காரன்தான்.

"உள்ள பலகையெல்லாம் கருத்துப்போச்சு மாமா, ஒரு வாடை அடிக்கு, செவத்துல வெளிச்சம் தெரியுது. வார்னிஷ் டப்பா வாங்கி வச்சிருக்கேன், அடிச்சா சரியாயிருமா?"ன்னு கேட்டிருக்கே. ஏழாப்போட நின்னவங்கிட்ட எஞ்சினியர் சந்தேகம் கேக்கான். கேட்டதே பெருசு. டப்பாவத் தொறந்துராத. அத ஓரமா வச்சுட்டு இதக் கேளு.

போன ஜூன் மாசம் உங்க ஆத்தாளக் கூட்டிக்கிட்டு பின்லாந்துல நீ இருக்கிற எஸ்போவுக்கு வந்தேன்ல. ராத்திரி பதினோரு மணிக்கும் வெளிச்சம் இருக்கிற ஊர்ல தூக்கம் எங்கன வரும்? வேலியோரம் நின்னு பக்கத்து வீட்டுப் பெரியவரு செய்யுறதையெல்லாம் பாத்துக்கிட்டே இருந்தேன். அவரு பேச்சு எனக்குத் தெரியாது, எம் பேச்சு அவருக்குத் தெரியாது. அதனாலயே எங்களுக்குள்ள ஒரு நாளும் சண்டை வரலை. ஒரு சனிக்கிழமை கையக் காட்டிக் கூப்பிட்டாரு. நான் மருவாதைக்கு ஒரு கோமணத்தக் கட்டிக்கிட்டுப் போனேன். மனுசன் அதையே, கலியாணத்துக்குக் கோட்டுப் போட்டு வந்தவனப் பாக்குற மாதிரி பாத்தாரு.

நம்ம ஊர்ல ஆம்பளைக்குச் சனிக்கிழமைதான எண்ணெய்க் குளியல்? அங்கயும் சவுனாவுக்குச் சனிக்கிழமைதான் நாள். ரெண்டு ஊரும் பேசி வச்ச மாதிரி. 55 லட்சம் சனம் இருக்கிற தேசத்துல 30 லட்சத்துக்கு மேல சவுனா இருக்கு. நம்ம ஊர்ல வீட்டுக்கு ஒரு திண்ணை இருந்த மாதிரி. அந்தக் காலத்துல பிள்ளை பெத்தது அதுக்குள்ள, செத்தவுகளக் குளிப்பாட்டுனதும் அதுக்குள்ள. 2020ல யுனெஸ்கோக்காரங்க பின்லாந்துச் சவுனாவ மனுசகுலத்துப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்துட்டாங்க. அம்புட்டு மருவாதையான எடத்துல நீ என்னத்த வச்சிருக்கே? படத்துல ஓரமாத் தெரியுது: சைக்கிள் பம்பு, பாதிச் சிமிண்டு மூட்டை, உம் பிள்ளையோட காத்துப்போன பந்து.

சரி, வாடைக்கு வருவோம். நீ எப்படிக் குளிக்கேன்னு மூணு மாசம் பாத்தவன் நான். குளிச்ச கையோட வெளிய வந்து, "ஆகா"ன்னு ஒரு படம் எடுத்து, கதவ இறுக்கிச் சாத்திட்டு, சாப்பிடப் போயிருவே. உள்ள வாளியில தண்ணி, தரையில தண்ணி, பலகையில நாலு பேரு வேர்வை. சூட்டோட அம்புட்டையும் மூடி வச்சா என்ன ஆகும்? இட்டிலிப் பானையில துணிய மறந்தா என்ன வாடை வரும், அதான்.

அந்தப் பெரியவரு என்ன செஞ்சாரு தெரியுமா? குளிச்சு முடிச்சு நான் படியில உக்காந்து மூச்சு வாங்குதேன். அவரு திரும்ப உள்ள போனாரு. அடுப்புல ரெண்டு விறகு சொருகுனாரு. வாளியக் கவுத்தாரு. தரையில கெடந்த மரச்சட்டத்தத் தூக்கிச் செவத்துல சாய்ச்சாரு. உக்காந்த பலகைய ஒரு துணியால துடைச்சாரு. மேல இருக்கிற காத்துத் தொளையத் தொறந்து, கதவ ஒரு சாண் விட்டு வச்சாரு. இன்னும் யாரோ குளிக்க வரணும் போலன்னு நான் வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன். நீதான பெறகு சொன்னே, சவுனாவுக்குன்னு தொந்துன்னு ஒரு காவல்காரக் குட்டிச்சாமி உண்டு, கடைசி ஆவி அவருக்குத்தான்னு விட்டுட்டு வருவாகன்னு. நம்ம ஊர்ல முனிக்குச் சுருட்டு வைக்கிறது மாதிரி. நான் பாத்த மட்டுக்கும் அந்தக் கடைசிச் சூட்டுல குளிச்சது சாமி இல்ல மாப்ளே, பலகை. அரை மணி நேரத்துல அம்புட்டும் அப்பளமாக் காஞ்சுபோச்சு. அவரு சவுனாவுக்கு உன் வயசு இருக்கும். வாடை இல்லை, கருப்பு இல்லை. உன்னுது வாங்கி ரெண்டு வருசம்.

இனி வார்னிஷு. உக்காருற பலகைக்கு அவுக ஹாப்பான்னு ஒரு மரம் போடுதாக, இங்கிலீசுல ஆஸ்பென். அதுல பிசின் கிடையாது, சூடும் சட்டுன்னு ஏறாது. 80, 90 டிகிரியில மனுசன் வெறும் உடம்போட உக்காரணும்ல? ஆணி, ஸ்க்ரூ எல்லாத்தையும் பலகைக்கு அடியிலேர்ந்து முடுக்கியிருப்பாக. மேல ஒரு ஆணித்தலை தெரிஞ்சா அது உன்னைச் சூடு போட்ட மாடாக்கிரும். இம்புட்டு யோசிச்சுச் செஞ்ச பலகை மேல நீ வார்னிஷ் அடிச்சா, அது சூட்டுல இளகும், நாறும், உரியும். உரியிறது அது மட்டும் இல்ல.

செய்ய வேண்டியது இம்புட்டுத்தான். பைன் சோப்புன்னு ஒரு தண்ணிச் சோப்பு அந்த ஊர்க் கடையெல்லாம் இருக்கு, உம் பெஞ்சாதிகிட்டக் கேளு, அந்தப் பிள்ளைக்குத் தெரியும். வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு, மர ரேகை போற வாக்குல பிரஷ் போட்டுத் தேய். நல்லா அலசி விட்டு, அடுப்பப் போட்டுக் காய வை. அப்பவும் கருப்புப் போகலைன்னா உப்புத்தாள வச்சு லேசா இழை. பெறகு பாரஃபின் எண்ணெயத் துணியில தொட்டுத் தடவி, மிச்சத்த வழிச்சு எடு. ஒரு தரம் ஆள் இல்லாமச் சூடேத்தி எடுத்துட்டு உக்காரு. வருசத்துக்கு ஒண்ணு ரெண்டு தரம் போதும். செவத்துக்கு அதுவும் வேண்டாம். பீச்சுற மிஷினக் கொண்டு அடிக்கலாமான்னு கேப்பே, எனக்குத் தெரியும். கார் கழுவுறதக் கொண்டு மரத்த அடிச்சா நார் நாராத் தூக்கிக்கிரும். ஆறு மாசம் சிலாம்பு பிடுங்கிக்கிட்டே இருக்கணும். பிடுங்கி விட எங்களக் கூப்பிடாத. உக்காரும்போது எல்லாரும் ஆளுக்கு ஒரு துண்ட விரிச்சு உக்காந்தாலே பாதி வேலை மிச்சம்.

செவத்துல வெளிச்சம் தெரியுதுன்னதும் சிலிக்கோன் வச்சு அடைச்சுருவேன்னு நீ எழுதியிருந்ததப் படிச்சு உங்க ஆத்தாளே சிரிச்சுட்டா. அவ வண்டிக்காரன் மக. நம்ம வீட்டு மாட்டுவண்டிய வித்த பெறகுதான் நீ பெறந்தே. சக்கரத்துக்கு இரும்புப் பட்டை ஏத்துறதப் பாத்திருக்க மாட்டே. கொல்லன் பட்டைய நெருப்புல செவக்கக் காய்ச்சி, மரச் சக்கரத்து மேல எறக்கி, சுத்தித் தண்ணிய ஊத்துவான். 'ஸ்'ஸுன்னு பட்டை சுருங்கி, ஆரக்கால், வட்டை, குடம் அம்புட்டையும் ஒண்ணாப் பிடிச்சுக்கிரும். ஆனா சித்திரை வெயில்ல மரம் வத்துச்சுன்னா பட்டை லொடலொடங்கும். அதுக்குன்னு யாரும் சக்கரத்துல சுண்ணாம்ப வச்சு அடைக்கல. வண்டியக் கண்மாய்த் தண்ணிக்குள்ள ஒரு ராத்திரி நிறுத்துவோம். மரம் ஊறித் தானா இறுகிரும்.

உம் பீப்பாயும் அதே சங்கதிதான். சுத்திப் போட்டிருக்கிற இரும்புப் பட்டையில திருகு இருக்குல்ல, அது அழகுக்கு வச்சதில்ல. கோடையில மரம் காஞ்சு வத்தும்போது ஸ்பேனர எடுத்து ஒவ்வொரு பட்டையா, கொஞ்சம் கொஞ்சமா, எல்லாத்தையும் சமமா முடுக்கு. மூச்ச அடக்கி முடுக்காத. புரட்டாசி, ஐப்பசியில அங்க மழை பிடிச்சதும் மரம் ஊதும். அப்ப அதுக்கு எடம் வேணும். எடம் குடுக்கலைன்னா பலகை நெளியும், இல்ல திருகு பிச்சுக்கிட்டுப் போகும். அப்படியும் மிஞ்சுற மயிரிழைச் சந்து ரெண்டு நாள் ஆவியில மூடிக்கிரும்.

அடுப்புக்கு வாரேன். கியுவாஸ்னு அவுக சொல்லுற அந்த அடுப்புல கல்லு தீந்துபோச்சுன்னு கடற்கரையில போயி ஒரு பை நிறையப் பொறுக்கிட்டு வந்தியே, வழுவழுன்னு, முட்டை மாதிரி, நானும் கூடத்தான் வந்தேன். அழகாத்தான் இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி 'டப்பு'ன்னு ஒரு சத்தம், உம் முழங்காலுக்குப் பக்கத்துல ஒரு சில்லு பறந்துச்சே, ஞாபகம் இருக்கா? தண்ணிக்குள்ள கெடந்த கல்லு ஈரத்தக் குடிச்சிருக்கும். சூடு ஏறும்போது உள்ள இருக்கிற தண்ணி ஆவியாகி, வெளிய வர வழி இல்லாம வெடிக்கும். அதுக்குன்னே ஒலிவின் டயபேஸுன்னு கருங்கல்லு விக்காக. அத வாங்கு. கழுவி, பெருசக் கீழயும் சிறுச மேலயுமா, காத்துப் போக எடம் விட்டு அடுக்கு. நீ சாமான் அடுக்குற மாதிரி திணிக்காத.

வருசத்துக்கு ஒரு தரமாவது அம்புட்டுக் கல்லையும் வெளிய எடுத்துப் பாக்கணும். சுட்டு, தண்ணி ஊத்தி, சுட்டு, தண்ணி ஊத்தி, கல்லும் கெழடாயிரும். பொடியாகி எடுக்கு எடுக்கா அடைச்சுக்கிட்டா, சூடு மேல வராம அடுப்பு இரும்பத் தின்னும். ஒண்ணோட ஒண்ணத் தட்டிப் பாரு. கணீர்னா வச்சுக்க. பொதபொதன்னா செடிக்குக் கீழ போட்டுரு. கடல் பக்கத்துல இருக்குன்னு அந்தத் தண்ணியவும் மோந்து ஊத்திராத. உப்பு பட்டா இரும்பு அரிச்சுரும், குழாய்த் தண்ணி போதும்.

இன்னொண்ணு. சேக்காளிங்க வந்தா, "எங்க சவுனா 110 ஏறும்"னு நெஞ்ச நிமித்துதே. அடுப்புச் செவக்கச் செவக்க எரிச்சா கல்லு நொறுங்கும், அடுப்பு கோணும். ஆளும் கோணலாம். ஹெய்னோலாங்கிற ஊர்ல 1999லேர்ந்து, யாரு சூட்டத் தாங்கி அதிக நேரம் உக்காருதான்னு உலகப் போட்டியே நடத்துனாங்க. 2010ல இறுதிச் சுத்துல, அதே 110 டிகிரியில, ஒருத்தர் செத்துப்போனாரு. அதோட போட்டிய மூடிட்டாங்க. அந்தப் பெரியவரு 80க்கு மேல ஏத்தி நான் பாக்கலை. ஒரு அகப்பைத் தண்ணிய மெதுவா ஊத்துவாரு, லோய்லுன்னு அவுக சொல்லுற ஆவி கெளம்பி வந்து காத மூடும். அம்புட்டுத்தான், அதுவே சொர்க்கம்.

விறகுக்குப் பிர்ச்சு மரம் வாங்கு, ஒரு கோடை காயப் போடு. பழைய சன்னல், பெயிண்டு அடிச்ச பலகைன்னு அடுப்புக்குள்ள தள்ளாத, அந்தப் புகையத்தான் நீயும் பிள்ளையும் மோக்கணும். விறகச் சவுனாச் செவத்தோட ஒட்டி அடுக்காத. ஈரம் தங்கும், ஈரம் தங்குன மரத்துல கட்டெறும்பு மாதிரி ஒரு பெரிய எறும்பு குடியேறி வீடு கட்டும். நமக்குக் கரையான், அவுகளுக்கு அது. சாம்பல ஒவ்வொரு தரமும் அள்ளு, இல்லாட்டி கீழருந்து காத்து ஏறாது. அள்ளுறத மூடி போட்ட இரும்பு வாளியில அள்ளு. மேல பாத்தா ஆறுன மாதிரி இருக்கும், உள்ள நெருப்பு நாள் கணக்காத் தூங்கும், உங்க பெரியப்பன் கோவம் மாதிரி. பிளாஸ்டிக் வாளியில அள்ளி மரத் தளத்துல வச்சவன் ஒருத்தன நான் பாத்தேன். பேரு சொல்ல மாட்டேன், அவன் ஆத்தா எம் பக்கத்துலதான் உக்காந்திருக்கா. பொகைப்போக்கியத் தொடைக்க வருசா வருசம் ஆளக் கூப்பிடு. அந்தக் காசுல மிச்சம் பிடிக்காத.

வெளிப்பக்கத்துக்கு மட்டும் மர எண்ணெய் அடிக்கலாம், மரம் மூச்சு விடுற மாதிரி. கால் கட்டை மண்ணுல படாம நாலு கல்லு வச்சுத் தூக்கி விடு. பனி கொட்டுனா ஓரத்துல குமிய விடாம தள்ளு, உருகி அடியிலதான் எறங்கும். குளிர்காலத்துல வாளியில, தொட்டியில ஒரு சொட்டுத் தண்ணி விடாத. மைனஸ் இருபதுல அது பாறையாகி வாளியப் பொளந்துரும்.

இலைக் கட்ட வச்சு அடிச்சுக்கிறதப் பத்திக் கேக்க மறந்துட்டே. அந்தப் பிர்ச்சு இலைக் கட்ட மேற்க விஹ்தான்னும் கெழக்க வஸ்தான்னும் சொல்லிக்கிட்டு அவுகளுக்குள்ளயே ஒரு வழக்கு ஓடுது. பேரு எதுவானாலும் உதுந்த இலையப் பெருக்கி எடு. ஈரப் பலகையில ஒட்டி நின்னா கறை புடிக்கும். படத்துல மூலையில ஒரு கட்டு கெடக்கு, போன ஜூன்ல நான் அடி வாங்குன அதே கட்டு.

வார சனிக்கிழமை குளிச்சு முடிச்சதும் படம் எடுக்காத. ரெண்டு விறகப் போட்டுக் கதவத் தொறந்து விட்டுட்டு, அந்த அரை மணி நேரத்துல பந்துக்குக் காத்தடிச்சுப் பயகிட்டக் குடு. வார்னிஷ் டப்பாவத் திருப்பிக் குடுத்துரு. பில்லு இருக்குல்ல?